வாரம் ஒரு ஷில்லிங், மூன்று பூனைகள்

1868 செப்டம்பரில் லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் சுண்டெலித் தொல்லை பொறுக்க முடியாமல் போயிற்று. மூன்று பூனைகள் வைத்துக்கொள்ள வாரம் இரண்டு ஷில்லிங் வேண்டும் என்று அலுவலகத் தலைவர் எழுதிக் கேட்டார். மேலிடத்திலிருந்து ஒரு ஷில்லிங்குக்குத்தான் அனுமதி வந்தது. அதுவும் ஆறு மாதச் சோதனைக்கு மட்டும். பூனைகளுக்கு வயிறு நிறையப் போடக் கூடாது, மிச்சத்தை அவை எலி பிடித்துத் தின்றுகொள்ள வேண்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் கொடுக்கிற படியிலும் ஒரு பகுதி வெட்டப்படும் என்று உத்தரவு சொன்னது. இந்தக் கோப்பை இன்று எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பதற்காகவே சொல்கிறார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் அதில் யோசிக்க விஷயம் இருக்கிறது. பசித்த பூனைதான் வேட்டையாடும் என்ற நம்பிக்கை, விக்டோரியா காலத்து அதிகாரி ஒருவரின் கஞ்சத்தனம் மட்டுமல்ல; பூனை வளர்த்த ஊர்களிலெல்லாம் இருந்த நம்பிக்கைதான். தபால் துறை அதற்கு விலை போட்டு, கெடு வைத்து, எழுத்தில் பதிந்தது. அதனால்தான் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று நாம் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. கணக்கு உத்தரவுக்குச் சாதகமாக வரவில்லை என்பது என் வாதம்.

அன்றைய லண்டனில் பூனைத் தீனி என்றால் பெரும்பாலும் குதிரைக்கறி. வண்டியிழுத்து ஓய்ந்த குதிரைகள் அறுப்புக் கொட்டில்களுக்குப் போகும். அங்கே வெந்து வரும் கறியைத் தள்ளுவண்டியிலோ கூடையிலோ எடுத்துக்கொண்டு, வழக்கமான தெருக்களில் வீடு வீடாக விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கறியைத் துண்டு போட்டு மரக்குச்சியில் கோத்து, கால் பென்னி, அரைப் பென்னி, ஒரு பென்னி என்று கொடுப்பார்கள். மொத்தமாக வாங்கினால் ராத்தல் இரண்டரைப் பென்னி என்று, நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளின் தொழில்களை விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ குறித்திருக்கிறார். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி; மூன்று பூனைகளுக்குப் பிரித்தால் தலைக்கு வாரம் நான்கு பென்னி. மேஹ்யூ சொன்ன விலையில் அது ஏறக்குறைய 700 கிராம் கறி, அதாவது நாளுக்கு 100 கிராம். ஒரு நடுத்தரப் பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கிலோகலோரி வேண்டும். கொழுப்பில்லாத வெந்த கறி 100 கிராமில் 150 சொச்சம் கிடைக்கும். ஒரு சுண்டெலியில் சுமார் 30. எனவே குறைவதை ஈடுகட்ட ஒவ்வொரு பூனையும் தினம் இரண்டு மூன்று எலிகளையாவது தின்றாக வேண்டும். மூன்று பூனைகளுக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் எலிகள். அத்தனை எலி தொடர்ந்து கிடைக்கிறதென்றால் பூனைகள் தோற்றுவிட்டன, படியை வெட்ட வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பூனைகள் வென்றுவிட்டன, ஆனால் பாதி வயிற்றோடு கிடக்க வேண்டும். வேலையைச் சரியாகச் செய்தவனுக்குச் சாப்பாடு குறைகிற ஏற்பாடு இது.

சோதனை வெற்றி பெற்றதே என்று கேட்கலாம். உண்மைதான். பூனைகள் தங்கள் கடமையை நன்றாகச் செய்வதாக அடுத்த ஆண்டிலேயே அறிக்கை போயிற்று. மற்ற ஊர்த் தபால் நிலையங்களும் பூனைப்படி கேட்டு எழுதத் தொடங்கின. ஆனால் வெற்றிக்குக் காரணம் குறைத்த ஷில்லிங்கா, கொடுத்த ஷில்லிங்கா? இதற்குப் பதில், சூழலியலாளர் சார்லஸ் எல்டன் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துப் பண்ணைகளில் செய்து 1953இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிடைக்கிறது. முதலில் பெருச்சாளிகளை வேறு வழியில் ஒழித்துவிட்டு, பூனைகளுக்கு ஒழுங்காகப் பால் வைத்துவந்த பண்ணைகளில், கட்டடங்களைச் சுற்றிச் சுமார் ஐம்பது கஜத்துக்குள் பெருச்சாளி மறுபடி குடியேறவில்லை. தீனி பூனையை அந்த இடத்தோடு கட்டிவைத்தது. அங்கேயே கிடந்த பூனை, வந்ததைப் பிடித்தது. தீனி போடாத பூனை பசியால் அதிகம் வேட்டையாடும் என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது இரை அதிகமுள்ள இடத்துக்குப் போய்விடும், அதாவது அலுவலகத்தை விட்டு வெளியே. பதுங்குவது, பாய்வது, கொல்வது, தின்பது எல்லாம் ஒரே பசியின் படிகள் அல்ல, தனித்தனி உந்துதல்கள் என்று ஜெர்மானிய ஆய்வாளர் பால் லைஹவுசன் வாதிட்டதும் இதோடு பொருந்துகிறது. தட்டில் பிடித்த உணவு இருக்கும்போதே அதை விட்டு எழுந்துபோய் எலியைக் கொன்றுவிட்டு, திரும்பி வந்து தட்டிலிருப்பதைத் தின்ற பூனைகளைப் பற்றி ராபர்ட் அடமெக் 1976இல் எழுதினார்.

பசிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பசி ஏற ஏறக் கொல்லும் வாய்ப்பும் ஏறுகிறது என்று 1979இல் மேரன் பைபன் காட்டினார். 2021இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: தானியம் சேராத, இறைச்சிப் புரதம் நிறைந்த தீனி கொடுத்த வீடுகளில், பூனைகள் பிடித்துக்கொண்டு வரும் இரை 36 சதவீதம் குறைந்தது. அளவைவிடச் சத்துதான் பேசுகிறது என்பதால், தபால் துறை உத்தரவுக்கு ஆதரவாக இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது. ரொட்டியும் பாலும் தின்ற அலுவலகப் பூனை, கறி தின்ற பூனையைவிடச் சுறுசுறுப்பாக வேட்டையாடியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பசியால் கூடுகிற வேட்டைக்கு ஓர் எல்லை உண்டு. எலி தீர்ந்த கட்டடத்தில் பசி வேறெதையும் சாதிக்காது.

உத்தரவு கவனிக்கத் தவறிய விஷயம் வேறு. ஷில்லிங் மூன்று பூனைகளுக்கும் பொதுவானது. எது எவ்வளவு தின்றது என்பதற்குக் கணக்கில் இடமில்லை. விட்டுவைத்தால் ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதுதான் பூனையின் இயல்பு. ஒரே தட்டில் ஒரே நேரத்தில் வைத்தால், முந்துகிறது கொழுக்கும், ஒதுங்குகிறது மெலியும். ஒன்றுக்கு மேல் பூனை உள்ள வீட்டில் யாரும் இதைப் பார்க்கலாம். போதாக்குறைக்கு, வீட்டுக்கு ஒரு கை என்றால் அலுவலகத்துக்கு நூறு கை. பிரிட்டிஷ் உள்துறை அலுவலகத்தில் பீட்டர் என்ற கறுப்புப் பூனைக்கு ஊழியர்கள் ஆளாளுக்குத் தின்பண்டம் போட, அது எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. யாரும் தீனி போடக் கூடாது என்று கட்டளை பிறந்தது. அதற்குப் பிறகுதான், 1929இல், அலுவலகக் காப்பாளர் சில்லறைச் செலவிலிருந்து நாளுக்கு ஒரு பென்னி எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வாரத்துக்கு ஏழு பென்னி. 1868இன் நான்கைவிடப் பெரிய தொகையென்று சொல்ல முடியாது, இடையில் விலைவாசியும் மாறிவிட்டது. மாறியது பொறுப்பு. ஒரு பூனை, ஒரு படி, போடுவது ஒரே கை. பூனையை அடக்கப் போட்ட விதியென்று தோன்றும். உண்மையில் அது குமாஸ்தாக்களை அடக்கப் போட்ட விதி.

அப்படியானால் செயின்ட் மார்ட்டின்ஸ்-லெ-கிராண்டில் இருந்த தபால் துறைத் தலைமையகத்து டிப்ஸ் என்ற பூனையை என்ன செய்வது? வாரம் இரண்டரை ஷில்லிங் படி. போதாததற்கு ஊழியர் உணவகமே வாசம். 23 ராத்தல் எடை, அதாவது பத்துக் கிலோவுக்கு மேல். 1964இல் செத்தபோது, பதினான்கு ஆண்டுகள் கட்டடத்தில் எலியே இல்லாமல் வைத்திருந்தது என்று துறையின் பத்திரிகை இரங்கல் எழுதியது. இரங்கல் குறிப்பில் கொஞ்சம் மிகை இருக்கும்தான். பாதியைத் தள்ளினாலும், வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது என்ற 1868இன் துணிவு அதில் நிற்காது. 1953இல் நாடாளுமன்றத்தில் பூனைப்படி பற்றிக் கேள்வி வந்தபோது, தபால் துறையின் துணை அமைச்சர் கேமன்ஸ் கேலியும் உண்மையுமாகப் பதில் சொன்னார். படி ஊருக்கு ஊர் மாறுகிறது; பிடித்த எலிக்கேற்பக் கூலி என்ற திட்டத்தை அமல்படுத்தவே முடியவில்லை. 1918 ஜூலைக்குப் பிறகு படி உயரவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. பூனைகள் தரப்பிலிருந்து இதுவரை புகார் எதுவும் வரவில்லை என்றும் அவைக்குத் தெரிவித்தார்.