ஒரே ஆண்டு, இரு சட்டங்கள்: குதிரைப் பந்தய விகிதம் சொல்லும் கணக்கு

1974ஆம் ஆண்டில் ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களும் சூதாட்டம் குறித்துத் தனித்தனியே சட்டம் இயற்றின. ஆந்திரப் பிரதேசச் சூதாட்டச் சட்டம் குதிரைப் பந்தயத்துக்கு விலக்களித்தது. தமிழ்நாட்டுச் சட்டமோ குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதையே ஒழிக்க முனைந்தது. சித்தூரும் திருப்பதியும் 1953 அக்டோபர் 1 வரை சென்னை மாகாணத்தின் ஊர்கள். கிண்டி மைதானம் இருந்ததும் அதே மாகாணத்தில்தான். இருபது ஆண்டுகளில், ஒரே செயலை எல்லையின் ஒருபுறம் பொறுத்துக்கொள்ளவும் மறுபுறம் தண்டிக்கவும் இரு அரசுகள் முடிவு செய்தன.

ஆந்திரம் தந்த விலக்கு தாராளமானதன்று. பந்தயம் ஓடும் அதே நாளில், மைதானத்தில் அதற்கென ஒதுக்கிய அடைப்புக்குள், உரிமம் பெற்ற புக்மேக்கரிடமோ ‘டோட்’ எனப்படும் டோட்டலைசேட்டர் வழியாகவோ கட்டினால் மட்டுமே அது சூதாட்டம் ஆகாது. மாநிலத்தின் மைதானம் ஐதராபாத்தின் மலக்பேட்டையில் இருந்தது. மலக்பேட்டை அடைப்புக்குள் நின்று கட்டியவர் குற்றமற்றவர்; அதே குதிரையின் மேல் சித்தூர்க் கடைத்தெருவில் கட்டியவர் குற்றவாளி.

சட்டம் பெயர் சொல்லிக் குறித்த அவ்விரு வழிகளிலும் ‘விகிதம்’ பிறக்கும் முறை வேறு. புக்மேக்கர் தாமே விகிதத்தை அறிவிப்பார். ‘ஒன்றுக்கு நான்கு’ என்றால், ஒரு ரூபாய் கட்டியவருக்கு வென்றால் நான்கு ரூபாய் லாபம். கட்டிய ரூபாயும் திரும்பும். ஐந்தில் ஒரு வாய்ப்பு, அதாவது 20 சதவீதம் என்பது அதன் பொருள். மூன்று குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்ற விகிதங்கள் தரப்பட்டால் வாய்ப்புகள் முறையே 50, 33⅓, 25 சதவீதம். கூட்டினால் 108⅓. ஒரு பந்தயத்தின் வாய்ப்புகள் அனைத்தும் சேர்ந்து நூற்றைத் தாண்ட இயலாது. மிகுந்து நிற்கும் அந்த 8⅓தான் புக்மேக்கரின் பங்கு.

டோட் முறையை 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் வகுத்தார். இதில் விகிதத்தை ஒருவர் அறிவிப்பதில்லை, கூட்டமே உருவாக்குகிறது. ஒரு பந்தயத்தில் மொத்தம் 1,00,000 ரூபாய் சேர்ந்ததாகவும், கழிவும் வரியும் 20 சதவீதம் என்றும் கொள்வோம். மீதி 80,000. ஒரு குதிரையின் மேல் 40,000 விழுந்திருந்தால் அது வென்றதும் ரூபாய்க்கு 2 ரூபாய். 4,000 மட்டுமே விழுந்த குதிரை வென்றால் ரூபாய்க்கு 20 ரூபாய். கடைசி நிமிடத்தில் இரண்டாம் குதிரையின் மேல் இன்னும் 12,000 வந்து சேர்ந்தால் அந்த இருபது 5.60ஆகச் சுருங்கும். குதிரையின் கால்களில் எம்மாற்றமும் இல்லை; மாறியது மக்களின் எண்ணமே.

தமிழ்நாட்டுத் தடை நீதிமன்றம் சென்றது. 1996 ஜனவரி 12 அன்று டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றை எடைபோடுவது திறமை, ஆகவே இது சூதாட்டமன்று. ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்று 1967இல் அதே நீதிமன்றம் கூறிய தீர்ப்பும் இதற்குத் துணைநின்றது. அந்தப் பழைய வழக்கும் ஆந்திரத்திலிருந்து சென்றதே.

தீர்ப்பு கூறிய திறமை பொய்யன்று. கூட்டத்தைவிட நன்கு கணிப்பவர் வெல்லக்கூடும். ஆயினும் அவருடைய வெற்றிக்கான பணம் குதிரையிடமிருந்து வருவதில்லை. மற்றவர்கள் இழந்ததிலிருந்து வருகிறது. மேற்சொன்ன கணக்கில் எந்தக் குதிரை வென்றாலும் ஒரு லட்சம் உள்ளே சென்று எண்பதாயிரமே வெளியே வரும். அனைவரும் வல்லுநர்களே ஆனாலும் அந்த இருபதாயிரம் திரும்பாது. குடும்பங்கள் அழிகின்றன என்ற 1974இன் கவலை இங்கேதான் வேர் கொண்டிருந்தது.

சித்தூர் வட்டாரத்தின் இரு மொழிகளும் இதில் ஒத்துப்போகின்றன. தமிழின் ‘பந்தயம்’, தெலுங்கின் ‘பந்தெம்’ இரண்டும் போட்டியையும் குறிக்கும், பணயப் பொருளையும் குறிக்கும். 1996இன் தீர்ப்பு எடைபோட்டது முதற்பொருளை. 1974இன் தமிழ்நாட்டுச் சட்டம் அஞ்சியது இரண்டாம் பொருளை. பலகையில் மின்னும் விகிதத்தில் இவ்விரண்டும் ஒரே எண்ணாகி நிற்கின்றன. அதில் கூட்டத்தின் கணிப்பு எவ்வளவு, நடத்துவோரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் படிக்கத் தெரியாதவருக்கு, குதிரையைப் பற்றிய அறிவு மட்டும் காப்பாகாது.