செண்பகத்தோப்பு ரோட்டில் ஒரு சைக்கிள்



பிரான்ஸில் வேலை பார்க்கிற என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் இருபது முப்பது படம் அனுப்பியிருந்தான். துலூஸ் என்ற ஊரிலிருந்து மத்தியதரைக் கடல் வரைக்கும் போகிற ஒரு கால்வாய்க் கரையில் நான்கு நாள் சைக்கிளில் போயிருக்கிறான். கனால் து மிடி என்று பெயர். 1666இல் வெட்டத் தொடங்கி 1681இல் முடித்தது, 240 கிலோமீட்டர் நீளம். வழியெல்லாம் கல்லில் கட்டிய பழைய ஊர்கள், சர்ச்சுகள், திராட்சைத் தோட்டம், இரண்டு கரையிலும் வரிசையாக மரம். படங்களுக்குக் கீழே ஒரு கேள்வி: "டீச்சர், நம்ம ஊர்ல இந்த மாதிரி சைக்கிள்ல போற வழி இருக்கா?"

"ஏன் இல்லை ராசா, நான் தினம் போன வழிதான்" என்று பதில் போட்டேன். போட்ட பிறகு மனசு ஆறவில்லை. இரண்டு வரியில் முடிகிற விஷயமா அது?

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியிலிருந்து கிளம்புங்கள். 192 அடி ராஜகோபுரம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்மாயும் வயலும் தாண்டி மேற்கே போகப் போக அது சின்னதாகிக்கொண்டே வரும், மலை பெரிசாகிக்கொண்டே வரும். அப்புறம் தென்னை, மாந்தோப்பு. எட்டு கிலோமீட்டரில் செண்பகத்தோப்பு. அதற்கு மேல் காட்டுக்குள் காட்டழகர் கோயில். போகும்போது தெரியாத மேடு, திரும்பும்போது மிதிக்காமலே உருளும். ஆடிக் காற்றில் மட்டும் போகாதீர்கள், மலையிலிருந்து இறங்குகிற காற்று சைக்கிளோடு சேர்த்து ஆளைத் தள்ளும். அங்கிருந்து மம்சாபுரம் போய் ராஜபாளையம் போனால் அடிவாரத்தையே பார்த்தபடி போகலாம்.

இது வழியின் ஊர் என்றே சொல்லலாம். ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்கும், பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் இன்றைக்கும் போகிறது. திருமலை நாயக்கர் (1623 முதல் 1659 வரை ஆண்டவர்) ஆண்டாளுக்குப் பூஜை முடிந்தது தெரிந்த பிறகுதான் சாப்பிடுவாராம். அதற்காக மதுரை வரைக்கும் வழியெல்லாம் மணி மண்டபம் கட்டி, ஒன்று கேட்டு ஒன்று அடிப்பார்கள் என்று என் ஆச்சி சொல்லும். கதையோ நிஜமோ, எனக்குப் பிடிக்கும். 1927இல் விருதுநகர் - தென்காசி ரயில் வந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொன்றாக மில்கள். நான் சிறுமியாக இருந்தபோது ராஜபாளையத்தில் ஷிப்டு விட்டால் ரோடு நிறைய சைக்கிள்தான். ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆடிக்கொண்டு வரும். சைக்கிள் வந்த பிறகுதான் பத்து மைல் தள்ளியிருந்த சம்சாரி வீட்டுப் பையன் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டுச் சொந்தக் கட்டிலில் படுக்க முடிந்தது. அந்த சைக்கிள்களில் பாதி அம்பத்தூரில் செய்தவை. 1949இல் அங்கே டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கியது. அதற்கு முன்னால் ராலே என்றால் சீமைச் சரக்கு, ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான்.

இல்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள். மணிக்கு 25 பைசா. பையன்கள் குரங்குப் பெடல் போட்டுப் பழகுவார்கள். பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். என் அப்பா கொஞ்சம் வேறு மாதிரி மனுஷர். விடிவதற்கு முன்னால், தெருவில் கோலம் போட ஆள் வருவதற்குள், ரத வீதியில் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்து எனக்குக் கற்றுக்கொடுத்தார். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் அந்த நேரம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்து, காத்திருந்து 1984இல் வேலை வந்தது. அடிவாரத்து ஊர் ஒன்றில் யூனியன் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், படித்தவர்களுக்குத் தெரியும். அப்போது நாம் ராமநாதபுரம் மாவட்டம். மறு வருஷம்தான் பிரித்தார்கள். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தவணையில் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். சேலைக் கொசுவம் மாட்டாமல் இருக்க செயின் கவர், பின் சக்கரத்துக்கு வலை. முதல் ஒரு மாசம் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் பேப்பரைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் படித்தார்கள்.

இங்கே பிரான்ஸ்காரனுக்கு ஒரு செய்தி. பாரிஸில் 1800இல் ஒரு போலீஸ் உத்தரவு, பெண்கள் கால்சட்டை போடக்கூடாது என்று. பிற்பாடு 1892லும் 1909லும் தளர்த்தினார்கள். எப்படித் தெரியுமா? பெண்ணின் கை சைக்கிள் ஹேண்டில்பாரிலோ குதிரைக் கடிவாளத்திலோ இருந்தால் போட்டுக்கொள்ளலாம்! அந்த உத்தரவு செல்லாது என்று அந்த அரசாங்கம் வாய் திறந்து சொன்னது 2013இல். இதைப் படித்தபோது என் டீக்கடைக்காரர்கள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

ஆனால் நான் போன ரோடு எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு தெரு. நான் மணி அடித்துக்கொண்டு போவேன், "டீச்சரம்மா வர்றாக, வழி விடுங்க" என்பார்கள். அதே தெருவின் முனையில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா சைக்கிளை விட்டு இறங்குவார். தோள் துண்டு இடுப்புக்குப் போகும். தெரு முடியும் வரை உருட்டிக்கொண்டு நடந்து, அப்புறம் ஏறுவார். காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் ஏறி மிதிக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். இரண்டு வருஷம் தினமும் அவரைத் தாண்டிப் போனேன். ஒரு நாளாவது நானும் இறங்கி அவரோடு நடந்திருக்கலாம். அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டிருக்கலாம். புது வேலை, பொம்பளைப் பிள்ளை, நமக்கெதுக்கு என்று இருந்துவிட்டேன். சரித்திரப் பாடத்தில் வைக்கம் போராட்டம் நடத்திய அதே வாய்தான்.

அவர் மகள் கணக்கில் சூட்டி. ஐந்தாம் வகுப்பு முடித்தாள். ஆறாவதுக்கு ஆறு கிலோமீட்டர் போகணும். "நீங்க போற மாதிரி சைக்கிள்ல விடலாமா டீச்சரம்மா? ஒண்ணும் ஆகாதே?" என்று அவர் என்னிடம் கேட்டார். ஆகாது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கணும். "யோசிச்சுச் செய்யுங்க" என்றேன். அவர் யோசித்தார். பிள்ளை தீப்பெட்டி ஒட்டப் போனது.

ஏழெட்டு வருஷம் கழித்து, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் கலெக்டர் ஷீலாராணி சுங்கத் இருந்தபோது, ஆயிரக்கணக்கில் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி அம்மாக்கள், எல்லாரும். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பள்ளிக்கூட மைதானத்தில் என் சைக்கிளிலேயே பெண் பிள்ளைகளுக்குப் பழக்க ஆரம்பித்தேன். முட்டி தேய்ந்த உங்களில் பலர் இதைப் படித்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும். 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு மேல்நிலை வகுப்பில் இலவச சைக்கிள் வந்தது, 2005-06இல் எல்லாருக்கும். இலவசம் என்று கேலி பேசுகிற நம் சொந்தக்காரர்கள் சிலர் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கவும்.

அந்தத் தெருவில் இறங்குவது எந்த வருஷம் நின்றது என்று எனக்குத் தேதி தெரியாது. பையன்கள் படித்து, கேட்டு, அடி வாங்கி, ஸ்டேஷன் வரைக்கும் போய் நிறுத்தினார்கள். என் பங்கு அதில் ஒன்றும் இல்லை.

மேற்கு முனையிலும் மாற்றம் உண்டு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. மரத்துக்கு மரம் கிளை தொடுகிற இடத்தில்தான் அந்த அணில் கூடு கட்டும், அதனால் தோப்பு அழிந்தால் அதுவும் போச்சு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். முன்பு மாதிரி நினைத்த நேரம் உள்ளே போக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். தோப்புக்காரர்களுக்கு யானைத் தொல்லை, பளியர் மக்களுக்குத் தேன் எடுக்கப் போகும் வழியில் கட்டுப்பாடு. காட்டைக் காப்பது சரி, ஆனால் அங்கேயே பிறந்தவர்களிடம் கேட்டுச் செய்திருக்கலாம் என்பது என் கட்சி.

போன தை மாதம் மருமகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெதுவாக மாந்தோப்பு வரை போனேன். முட்டி வலிதான், ஆனாலும் போனேன். அந்தத் தெருவில் எதிரே ஒரு சைக்கிள், கேரியரில் புல்லுக்கட்டு. "டீச்சர்!" என்று பிரேக் அடித்து நின்றது, கணக்கில் சூட்டியான அதே பிள்ளை. பிள்ளையா, ஐம்பது வயசு. மகள் நர்சாக இருக்கிறாளாம். அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கொடுத்த சைக்கிள்தானாம் இது. மகள்தான் தனக்குப் பழக்கினாள் என்றாள். நான் அன்றைக்குச் சொல்லாததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு டீச்சர் இப்ப, மாட்டுக்கு நேரமாச்சு" என்று ஏறிப் போய்விட்டாள். தெரு நடுவில், மணி அடித்துக்கொண்டு.

தம்பி, மார்கழியில் லீவுக்கு வருகிறாய் அல்லவா? ரத வீதியில் காலை ஐந்தரைக்கு நில். தண்ணீர் பாட்டில் உன்னுடையது, பால்கோவா என்னுடையது. வேறு யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், வாடகை சைக்கிள் கடை இப்போது இல்லாததால் முன்கூட்டியே சேர்க்க வேண்டும்.