ஒரு குங்ஃபூக்காரரின் அப்சர்வேஷன் நோட்டு

நம் கல்லூரியில் படித்த எவருக்கும் இந்த இரண்டு நோட்டுகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஒன்று அப்சர்வேஷன், இன்னொன்று ரெக்கார்ட். லேபில் மீட்டர் முள் எங்கே நின்றதோ அதை அப்படியே பென்சிலில் கிறுக்குவது அப்சர்வேஷன். அதையே நல்ல கையெழுத்தில் பிரதியெடுத்து, கிராஃப் ஒட்டி, பிரவுன் அட்டை போட்டு, கையெழுத்து வாங்குவது ரெக்கார்ட். மார்க் ரெக்கார்டுக்குத்தான். ஆனால் அன்றைக்கு லேபில் உண்மையிலேயே என்ன நடந்தது என்பது அப்சர்வேஷனில் மட்டும்தான் இருக்கும்.

மலர்க் குழு நண்பர்கள், "வரலாறு சம்பந்தமா ஏதாவது எழுதுப்பா, ஆனா ராஜா ராணி கதை வேண்டாம்" என்றார்கள். ஆகவே, தற்காப்புக் கலைப் பயிற்சியை நோட்டில் எழுதி, அந்த நோட்டிலேயே தன்னைப் பார்த்துக்கொண்ட ஒருவரின் கதையை எழுதுகிறேன். ஹாஸ்டல் சுவரில் போஸ்டராக நாம் பார்த்த ஆள்தான். புரூஸ் லீ.

அவருக்கு முன்னால் ஒரு பெரியவரைச் சொல்லிவிடுகிறேன்.

குகையில் எழுதிய வாள்வீரர்

மியாமோதோ முசாஷி என்ற ஜப்பானிய வாள்வீரர், 1643-ல் குமாமோட்டோ அருகே ரெய்கன்தோ என்ற குகையில் ஒரு நூலை எழுத ஆரம்பித்தார். 1645-ல், இறப்பதற்குச் சற்று முன் முடித்துச் சீடரிடம் கொடுத்தார். நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து பகுதிகள். நம் பஞ்சபூதங்களுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும்.

13 வயதில் முதல் சண்டை, 29 வயதுக்குள் 60-க்கு மேற்பட்ட சண்டைகள், ஒன்றிலும் தோல்வியில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்கிறார். "பெரிய தற்பெருமைக்காரர் போல" என்று நாம் நினைப்பதற்குள், அடுத்தபடியாக வேறொன்று சொல்கிறார். முப்பது தாண்டித் திரும்பிப் பார்த்தாராம். அத்தனை வெற்றியும் தன் கலை முழுமையடைந்ததால் வந்ததல்ல என்று தெரிந்ததாம். பிறவித் திறமையாக இருக்கலாம், தெய்வச் செயலாக இருக்கலாம், எதிராளிகள் கற்ற முறையில் குறை இருந்திருக்கலாம் என்கிறார். அதற்குப் பிறகும் காலையும் மாலையும் பயின்று, ஐம்பது வயது வாக்கில்தான் தனக்குப் பிடிபட்டது என்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மெஷின் நின்றுபோனால் நாம் எல்லோரும் காரணம் தேடுவோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது "இது ஏன் ஓடுது?" என்று யார் கேட்கிறார்கள்? முசாஷி கேட்டார். ஆனால் அவர் அதை நூலாக எழுதியது வாழ்க்கையின் கடைசியில். புரூஸ் லீ போகிறபோக்கிலேயே எழுதிக்கொண்டு போனார்.

எண்ணிக்கையும் கேள்வியும்

லீ 1940 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தவர். அங்கே இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்ற குங்ஃபூ முறையைக் கற்றார். 1959-ல் அமெரிக்கா போய், 1961-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாடகத்தோடு தத்துவமும் படித்தார். 1964-ல் பட்டம் வாங்காமலேயே வெளியேறிவிட்டார்.

பட்டம் கிடைக்காவிட்டாலும், கல்லூரிக்காக அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. சிறு வயதில் உடம்பைத் தளர்த்தத் தெரியாமல் திண்டாடியபோது, ஆசான் "வீட்டுக்குப் போ, ஒரு வாரம் பயிற்சியே வேண்டாம்" என்று அனுப்பிவிட்டாராம். பையன் தனியாகப் படகில் கடலுக்குப் போனான். கோபத்தில் தண்ணீரைக் குத்தினான். தண்ணீருக்குக் காயம் படவில்லை. பிடிக்கப் போனால் கைக்குள் நிற்கவும் இல்லை. அப்போதுதான் தளர்ச்சி என்றால் என்னவென்று புரிந்தது என்று எழுதுகிறார். பிற்காலத்தில் உலகமே அவரோடு சேர்த்துப் பேசிய தண்ணீர் உவமை, இப்படி ஒரு மாணவர் பாடத்துக்காக எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

1964-ன் கடைசியில் ஓக்லண்டில் வோங் ஜாக் மேன் என்ற இன்னொரு குங்ஃபூ வீரரோடு ஒரு சண்டை. எவ்வளவு நேரம் நடந்தது, யார் கை ஓங்கியது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொல்கிறார்கள். லீயின் மனைவி லிண்டா, தன் கணவர் ஜெயித்ததாகவே சொன்னவர். அவரே இன்னொன்றும் சொல்கிறார்: சண்டை முடிந்தபின் லீ சந்தோஷமாக இல்லை. இவ்வளவு நேரம் பிடித்திருக்கக் கூடாது, மூச்சு வாங்கியிருக்கக் கூடாது, கற்ற முறை மட்டும் போதவில்லை என்று உட்கார்ந்து யோசித்தார். முசாஷி கேட்ட அதே கேள்விதான்.

அதன்பிறகு பயிற்சியை எண்ணிக்கையில் கட்டினார். 1968-ம் வருஷத்து அவருடைய டைரிகள் பின்னாளில் அச்சில் வந்திருக்கின்றன. வலக்கைக் குத்து எத்தனை, இடக்கைக் குத்து எத்தனை, விரல் நுனித் தாக்குதல் எத்தனை, வயிற்றுப் பயிற்சி எத்தனை, எவ்வளவு ஓட்டம் என்று தேதிவாரியாக இருக்கும். பெரும்பாலும் வெறும் எண்கள். ஃபேக்டரி ஷிப்ட் லாக்-புக் மாதிரி. ஆனால் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், லாக்-புக்கில் இருக்கும் ஒரு எண், மேலதிகாரியின் பத்து நிமிஷப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

1969 ஜனவரியில் இன்னொரு தாள். தன் தலையாய லட்சியம் என்று தனக்குத்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டது. அமெரிக்காவில் அதிகச் சம்பளம் வாங்கும் கீழை நாட்டு நட்சத்திரம் ஆவேன், 1970 முதல் உலகப் புகழ், 1980-க்குள் ஒரு கோடி டாலர் என்று கணக்கு. எழுதியபோது அவர் கையில் பெரிய படம் ஒன்றும் இல்லை.

படுக்கையில் ஆறு மாதம்

1970-ல் விதி வேறு கணக்குப் போட்டது. உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளாமல், தோளில் எடையை வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சி செய்தபோது முதுகில் நரம்பு அடிபட்டது. இனிமேல் உதைக்கவே முடியாது என்றார்கள் டாக்டர்கள். மல்லாந்து படுத்தபடி ஆறு மாதம் என்று லிண்டா எழுதுகிறார். வீட்டில் பணக் கஷ்டம். லிண்டா வேலைக்குப் போனார்.

உடம்பையே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்? கால் ஓடவில்லை, பேனா ஓடியது. நோட்டு நோட்டாக எழுதினார். படம் வரைந்தார், அம்புக்குறி போட்டார். குத்துச்சண்டைக்கு எட்வின் ஹெய்ஸ்லெட், கத்திச்சண்டைக்கு ஆல்டோ நாடி என்று பல பேர் எழுதிய புத்தகங்கள் அவரிடம் இருந்தன. அவருடைய அண்ணன் பீட்டரே கத்திச்சண்டை வீரர். எதிராளியின் தாக்குதல் கிளம்பும்போதே நடுவில் புகுந்து தாக்குவதை அந்த விளையாட்டில் 'ஸ்டாப் ஹிட்' என்பார்கள். லீ தன் முறைக்கு வைத்த 'ஜீத் குன் தோ' என்ற பெயருக்கும் 'இடைமறிக்கும் முஷ்டியின் வழி' என்றுதான் பொருள்.

நமக்குப் பக்கத்து ஆள் ஒருவரும் அந்த அலமாரியில் இருந்தார். ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1895-ல் மதனப்பள்ளியில் பிறந்து, 1909-ல் அடையாறு கடற்கரையில் தியசாபிகல் சொசைட்டிக்காரர்கள் கண்ணில் பட்ட பையன். உலக குரு என்று தனக்காக உருவாக்கிய சங்கத்தை 1929-ல் தானே கலைத்தவர். உண்மைக்கு யாரும் பாதை போட்டுத்தர முடியாது என்பது அவர் கட்சி. தன் முறை ஒரு 'ஸ்கூல்' ஆகிவிடக் கூடாது என்று நினைத்த லீக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. லீயும் 1970-ல் தன் பயிற்சிப் பள்ளிகளை மூடிவிட்டார். இன்னொரு பொருத்தம் பாருங்கள்: கிருஷ்ணமூர்த்தியும் 1961 ஜூனில் தொடங்கி ஏழு மாதம் தன் மன அனுபவங்களை நோட்டில் எழுதிவந்தவர். அதுவும் பென்சிலில்! 1976-ல் அது புத்தகமானது.

லீ எழுந்து நடந்தார், மறுபடி உதைக்கவும் செய்தார். 1971-ல் 'தி பிக் பாஸ்' வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும். 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில், 32 வயதில் மறைந்தார். 'என்டர் தி டிராகன்' வெளியானது அதற்குப் பிறகுதான்.

நோட்டு ரெக்கார்ட் ஆனபோது

உயிரோடு இருந்தவரை அந்த நோட்டுகளை அவர் புத்தகமாக்கவில்லை. படிப்பவர்கள் அதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் இருந்தது. 1971 செப்டம்பரில் 'பிளாக் பெல்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலும், தன் முறை ஆற்றைக் கடக்கிற படகு, கரையேறியபின் முதுகில் சுமக்கக் கூடாது என்ற பொருளில்தான் முடித்தார்.

1975-ல் குடும்பத்தார் அனுமதியோடு நோட்டுகளைத் தொகுத்து 'தாவோ ஆஃப் ஜீத் குன் தோ' என்று வெளியிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அதிலுள்ள பல பத்திகள் லீ படித்த புத்தகங்களிலிருந்து எடுத்து எழுதியவை என்று கண்டுபிடித்தார்கள். "அட, காப்பியா?" என்று சிலர் கேட்டார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் அப்சர்வேஷன் நோட்டில் யாரும் அடிக்குறிப்பு போட்டு எழுத மாட்டார்கள். அவர் மற்றவர் வார்த்தையை எழுதியது ஊருக்குக் காட்ட அல்ல, தன் உடம்பில் சோதித்துப் பார்க்க. வேலைக்கு ஆனதை வைத்துக்கொண்டு, ஆகாததை விட்டுவிட. தவறு நோட்டில் இல்லை. ஒருவருடைய அப்சர்வேஷனை ஊரே ரெக்கார்டாக நினைத்து மனப்பாடம் செய்ததுதான் கோளாறு. எந்த ஆள் 'என்னைப் பின்பற்றாதே' என்று சொன்னாரோ, அவருடைய நோட்டே வேதமாகிவிட்டது. 1997 முதல் டைரிகளும் கடிதங்களும் தனித்தனித் தொகுதிகளாக வந்தபின்தான், அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த பயிற்சி பலருக்குத் தெரிந்தது.

நமக்கு என்ன?

நம்மில் பலர் முப்பதுகளில் இருக்கிறோம். முசாஷி திரும்பிப் பார்த்த வயசு. லீ தாண்டாத வயசு. நம்மிடம் ரெக்கார்டுக்குக் குறைவில்லை. பயோடேட்டா, அப்ரைசல் ஃபாரம், சர்ட்டிஃபிகேட், குரூப் போட்டோ. இந்த மலரும் ஒரு ரெக்கார்ட்தான். அப்சர்வேஷன்தான் இல்லை. இந்த வருஷம் எதில் ஜெயித்தோம், அது திறமையா அதிர்ஷ்டமா, எங்கே மூச்சு வாங்கியது என்று எழுதிவைத்த நோட்டு எத்தனை பேரிடம் இருக்கிறது?

கராத்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. காலையில் நடக்கிறவர், வயலின் கற்கிறவர், பிள்ளைகளிடம் கோபத்தைக் குறைக்கப் பார்க்கிறவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு எண்பது பக்க நோட்டு, ஒரு பென்சில். தேதி போடுங்கள். செய்ததை எண்ணிக்கையில் எழுதுங்கள். கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை, யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

எனக்கும் காட்ட வேண்டாம். அடுத்த சந்திப்பில் டீ குடிக்கும்போது, "எழுதறேன்டா" என்று சொன்னால் போதும்.