ஜிலேபிக் கெண்டை

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த நன்னீர் மீன். பெயரில் கெண்டை இருந்தாலும் இது சிக்லிட் குடும்பம்; திலாப்பியா என்ற பெயரும் வழங்குகிறது. அறிவியல் பெயர் ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ். மலிவான உணவாகும் என்று 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஏரி குளங்களில் யாரும் குஞ்சு விடாமலே பெருகுகிறது. அதற்குக் காரணம் தாய் மீனின் வாய்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கறுத்து, தலையின் அடிப்பகுதி வெளுத்து, துடுப்பு ஓரம் சிவக்கும். குளத்தின் அடியில் வாயாலேயே மண்ணை அள்ளித் துப்பி, தட்டு வடிவில் குழி தோண்டும். பெண் அதில் மஞ்சள் நிற முட்டைகளை இட்டு உடனே வாயில் வாரிக்கொள்ளும். அதோடு ஆணின் வேலை முடிந்தது. கடல் கெளுத்தி இனங்களில் முட்டையை வாயில் சுமப்பது தகப்பன். இங்கே முழுப் பொறுப்பும் தாய்க்கு.

அடைகாக்கும் மீனைக் கண்டுபிடிப்பது எளிது. தாடையின் கீழ் தொண்டை பை போலத் தொங்கும். தீவனம் போட்டால் கிட்டே வராது. வாயை மெல்லுவதுபோல அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த அசைவில்தான் முட்டைகள் புரண்டு, புதுத் தண்ணீர் பட்டு, பூஞ்சை பிடிக்காமல் இருக்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். மஞ்சள்கரு கரையும்வரை குஞ்சுகள் உள்ளேயே இருக்கும். பிறகு தாய் அவற்றை வெளியே மேயவிடும். நிழல் ஆடினாலும் தாய் வாயைத் திறக்க, அத்தனையும் உள்ளே பாய்ந்துவிடும். எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று வாரம் ஆகும். மார்கழிக் குளிரில் நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் இனப்பெருக்கம் நின்றுபோகும்.

கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் செய்யவேண்டியது, பெரும்பாலும் சும்மா இருப்பது. வலையால் துரத்தினால் தாய் முட்டையைத் துப்பும் அல்லது விழுங்கிவிடும். முதல் ஈட்டை விழுங்குவது சகஜம், அதற்காக மீனைக் குறை சொல்ல வேண்டாம். இருட்டில், மெதுவாகத் தனித்தொட்டிக்கு மாற்றுவது நல்லது. குஞ்சுகளைத் தானாக நீந்தவிட்டபின் தாயைப் பிரித்து, சில நாள் நன்றாகத் தீனி கொடுத்துத் தேற்றிவிட்டே ஆணோடு சேர்க்க வேண்டும். குஞ்சுகளுக்கு, முட்டையிலிருந்து பொரித்த ஆர்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் உயிரியோ பொடித்த தீவனமோ, கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். அவித்த முட்டை மஞ்சள்கருவும் ஆகும், ஆனால் மிஞ்சினால் தண்ணீர் கெட்டுவிடும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும்.

அழகுக்காக வளர்க்கும் மலாவி ஏரிச் சிக்லிட்களில் பலவும் இப்படி வாயில் அடைகாப்பவைதான். அவற்றுக்கு வேண்டியது காரத்தன்மையுள்ள கடின நீர். குடிக்க ஆகாதென்று கேன் வாங்குகிற வீட்டின் போர் தண்ணீர் இவற்றுக்கு ஒத்துப்போகலாம்.

ஜிலேபிக் கெண்டைக்கு முட்டையிலும் குஞ்சிலும் சேதம் குறைவு என்பதே ஏரியில் தொல்லையாகிறது. இரண்டு மூன்று மாதத்திலேயே, விரல் நீளத்திலேயே, முட்டையிடத் தொடங்கிவிடும். கூட்டம் பெருத்து எல்லாமே குட்டையாக நின்றுபோகும். வைகை, அமராவதி போன்ற தமிழகத்து அணைகளில் இது மற்ற மீன்களை மிஞ்சியது. 1959இலேயே இந்திய மீன்வள ஆய்வுக் குழு இதைப் பரப்பத் தடை விதித்தது. மீன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், தாயகமான ஆப்பிரிக்காவில் நைல் திலாப்பியாவோடு கலந்து, இதன் தூய இனம் அருகிவருகிறது.

இப்போது பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் கிஃப்ட் என்னும் மேம்படுத்திய நைல் திலாப்பியா. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத் திட்டத்தின் விளைவு அது. 2009இல் இந்திய அரசு விதிமுறைகளோடு திலாப்பியா வளர்ப்பை அனுமதித்தது. ஆந்திராவில் விஜயவாடாவுக்கு அருகே மணிகொண்டாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. சித்தூர் மாவட்டக் குப்பத்தை ஒட்டிய கிருஷ்ணகிரியிலும் கிஃப்ட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. குளத்தில் மறுபடி பெருகாமலிருக்க, நீந்தத் தொடங்கிய குஞ்சுகளுக்கு மூன்று, நான்கு வாரம் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். அதற்கு ஒரே வயதுக் குஞ்சுகள் தேவை. ஆகவே வாரத்துக்கொரு முறை தாயின் வாயைத் திறந்து முட்டைகளைத் தண்ணீரில் உதிர்த்து, அடியிலிருந்து நீர் பாயும் ஜாடிகளில் போட்டுப் புரளவிடுகிறார்கள். வாய் காலியான தாய் சீக்கிரமே தீனிக்கு வந்து, அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும்.