பிறர் கடிதம்

ஒரு கடிதத்துக்கு உடையவர் யார்? எழுதியவரா, பெறவேண்டியவரா, அல்லது இப்போது கையில் வைத்திருப்பவரா? சுலபமான கேள்வி என்றுதான் தோன்றும். வேறொருவர் பெயருக்கு வந்த கவர் நம் வீட்டுத் திண்ணையில் விழும்போதுதான் அதன் சங்கடம் புரிகிறது. முன்பு குடியிருந்தவர் பெயருக்கு வரும். பெயர் ஒற்றுமையால் வரும். பல பேர் அதை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதன்மேல் காப்பி டம்ளரின் வட்டம் விழுந்திருக்கும்.

இந்த விஷயத்தில் நம் இளங்கோவடிகள் தபால் இலாகாவுக்கே முன்னோடி. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். தாழை மடலில் எழுதிய முதல் கடிதத்தை வசந்தமாலை கொண்டுபோய் நீட்டுகிறாள். கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். அது எழுதியவளிடமே திரும்புகிறது. இரண்டாவது கடிதம், அவன் மதுரைக்குப் போகும் வழியில், கோசிகன் என்ற அந்தணன் மூலம் வந்து சேருகிறது. படித்துப் பார்க்கிறான். குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று தெளிகிறான். பெரியோரிடம் சொல்லாமல் இரவில் ஊரைவிட்டுக் கிளம்பியதைப் பற்றி அவள் எழுதியிருந்த வார்த்தைகள், தன் பெற்றோருக்குத் தான் எழுதவேண்டிய கடிதமாகவே அவனுக்குப் படுகின்றன. அதே ஓலையை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறான். எழுதியவள் மாதவி, விலாசதாரர் கோவலன், போய்ச் சேருவது மாசாத்துவான் வீட்டுக்கு! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பியவன் விலாசதாரரே. கொண்டுவந்த கோசிகனுக்கு அந்த உரிமை கிடையாது. அவன் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. சந்திரஹாசன் கொண்டுபோன கடிதம் மந்திரி தன் மகனுக்கு எழுதியது. கொண்டுவருகிறவனுக்கு விஷம் கொடு என்பது உத்தரவு. அவன் நந்தவனத்தில் தூங்கும்போது மந்திரியின் மகள் விஷயை அதைப் படித்து, 'விஷம்' என்பதை 'விஷயை' என்று திருத்திவிடுகிறாள். ஓர் உயிரும் பிழைக்கிறது. ஒரு கல்யாணமும் நடக்கிறது. கதை எழுதுகிறவன் இம்மாதிரி சம்பவத்தை லேசில் விடமாட்டான். ஆனால் உலகத்தில் பிறர் கடிதத்தைப் பிரிக்கிறவர்கள் எல்லோரும் விஷயைகள் அல்ல. மைசூரில் 1672-இல் தபால் முறையை ஏற்படுத்திய சிக்கதேவராஜ உடையார், தபால் சேவகர்களையே அரசாங்க உளவாளிகளாகவும் வைத்துக்கொண்டார்.

1854-இல் இந்தியா முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது. கால் தோலா எடைக்கு அரையணா. காஞ்சிபுரத்துக்கும் கல்கத்தாவுக்கும் அதே அரையணாதான். ஏழையும் எழுதலாம் என்றானதும் கடிதங்கள் பெருகின. வழி தவறுகிறவையும் பெருகின. 1898-ஆம் வருஷத் தபால் சட்டம் இவற்றுக்காகவே சில விதிகளைச் செய்தது. ஒருவருக்குச் சேரவேண்டிய தபாலை மோசடியாக வைத்துக்கொண்டாலோ, வேண்டுமென்றே மறைத்தாலோ, அதிகாரி கேட்டும் கொடுக்க மறுத்தாலோ இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. விலாசம் புரியாத கடிதத்தைப் பிரித்துப் பார்க்கத் தனி உத்தியோகஸ்தர் உண்டு. அவரும் ரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். உரியவர் அல்லது அனுப்பியவர் யார் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுமே அவர் பிரிக்கலாம்.

எங்கள் சாலவாக்கம் பக்கத்தில் விலாசம் தப்புவது ஆச்சரியமில்லை. பாக்கம், வாக்கம் என்று முடியும் ஊர்கள் இங்கே எத்தனையோ. ஜில்லாவின் பெயரும் 1997-இல் செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரமாக மாறியது. இம்மாதிரிக் குழப்பங்களுக்காகத்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர் ஆறு இலக்கப் பின்கோடு முறையை வகுத்தார். அது 1972 ஆகஸ்டு 15-ந் தேதி அமலுக்கு வந்தது. ஆனால் பின்கோடு, கடிதத்தைத் தபாலாபீஸ் வரைக்கும்தான் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் தெருவில் என் பெயரிலேயே இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருநாள் அவர்களில் ஒருவருக்கு வந்த பழுப்புக் கவர் என் வீட்டுக்கு வந்தது. தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் வேறு. பையனிடம் கொடுத்தனுப்பினேன். அவர் பிரித்தார். மகளுக்கு நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ; நடுவில் நாலே நாள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு விளம்பரக் கவர் மாதிரிதான் இருந்தது.

அதில்தான் இருக்கிறது விஷயம். உள்ளே இருப்பது நமக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு கவரையும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அதற்குள் இருப்பதாகவே மதித்து நடத்தவேண்டியிருக்கிறது. ஆள் தெரிந்தால் கொடுத்துவிடலாம். புது விலாசம் தெரிந்தால் எழுதித் தபாலில் சேர்க்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால், 'இங்கே இப்படி ஒருவர் இல்லை' என்று மேலே எழுதித் தபால்காரரிடமே திருப்பிவிடலாம். இதற்கு ஆகிற செலவு ஒரு நிமிஷமும் கொஞ்சம் மையும்தான்.

1898-ஆம் வருஷச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்துக்கு 2023-ஆம் வருஷச் சட்டம் வந்து, 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. பிறர் தபாலை வைத்துக்கொள்கிறவனுக்கு இரண்டு வருஷம் என்ற பழைய விதி அதில் கிடையாது. திருட்டுக்கும் மோசடிக்கும் பொதுச் சட்டம் இருக்கிறது, வாஸ்தவம். தபாலை வழியில் நிறுத்திப் பார்க்கும் அதிகாரமும் சர்க்காரிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஜன்னல் மேடையில் கிடக்கும் கவருக்காக வாதாட மனச்சாட்சி ஒன்றுதான் மிச்சம்.

பக்கத்து உத்திரமேரூரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்வது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை வாங்குகிறவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலேதான் வாங்க வேண்டும் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். ஓலையில் இருப்பது பிறர் பெயர் அல்லவா? விரலை மடக்கினால் சந்தேகம்தான். அடுத்த வீட்டுக் கடிதத்தையும் அப்படி விரித்த கையில் வாங்கி, அப்படியே கொடுத்துவிட வேண்டியதுதான்.