பனிமய மாதா திருவிழா: உரோமை மரபும் முத்துக்குளித்துறை வழக்கும்

முன்னுரை

பனி பெய்தறியாத கடற்கரை நகரான தூத்துக்குடியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் தூய பனிமய மாதாவின் திருவிழா கொண்டாடப்படுகிறது. ஜூலை 26ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கும் இவ்விழா பரதவர் வரலாற்றோடு பிரிக்கவியலாத தொடர்புடையது. உரோமையில் ஒரு பேராலயத்தின் நேர்ந்தளிப்பு நாளாகத் தோன்றிய விழா, முத்துக்குளித்துறையில் ஒரு சமூகத்தின் அடையாள விழாவாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பனிப்பொழிவு: மரபும் சான்றும்

கி.பி. 4ஆம் நூற்றாண்டில், திருத்தந்தை லிபேரியுஸ் காலத்தில், மகப்பேறற்ற உரோமைத் தம்பதியர் தம் உடைமையை மரியன்னைக்கு அளிக்க விரும்பினர் என்றும், கோடைக்கால இரவொன்றில் எஸ்குயிலின் குன்றின்மீது பொழிந்த பனி கோயிலுக்கான இடத்தைக் காட்டியது என்றும் மரபு கூறும். ஆயினும் இச்செய்தி, பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே எழுத்தில் இடம்பெறுகிறது. இன்றுள்ள புனித மரியா பேராலயத்தை எழுப்பியவர் மூன்றாம் சிக்ஸ்துஸ் (432–440). மரியாவை ‘இறைவனின் தாய்’ என ஏற்ற எபேசு பொதுச்சங்கம் (431) இதன் பின்னணியாகும்.

தொடக்கத்தில் அப்பேராலயத்திற்கு மட்டுமே உரியதாக இருந்த விழா, பின்னர் உரோமை நகர் முழுவதற்கும், ஐந்தாம் பயஸ் (1566–1572) காலத்தில் இலத்தீன் திருச்சபை முழுவதற்கும் விரிவடைந்தது. பதினான்காம் பெனடிக்ட் 18ஆம் நூற்றாண்டில் அமைத்த குழு, பனிப்பொழிவுச் செய்தியை நீக்கிப் பழைய பெயரையே வழங்கப் பரிந்துரைத்தது. 1969இன் நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் ‘பனி’ என்னும் பெயர் நீங்கி, பேராலய நேர்ந்தளிப்பு என்பதே விழாவின் பெயராயிற்று.

முத்துக்குளித்துறையில் மாதா

1535–1537 ஆண்டுகளில் பரதவர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். மாதாவின் திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து சாந்தா எலேனா என்னும் கப்பலில் வந்தது என்பது தூத்துக்குடி மரபு. ஆனால் ஸ்பானியர் மணிலாவில் நிலைகொண்டது 1571இல்தான். எனவே, ஆண்டு, புறப்பட்ட இடம் ஆகிய இரண்டில் ஒன்றேனும் மறுஆய்வுக்குரியது. உரோமையிலும் தூத்துக்குடியிலும் தோற்றக் கதை, தோற்ற நிகழ்வுக்குப் பின்னரே வடிவம் பெற்றிருத்தல் கூடும் என்பது இவ்வொப்பீட்டால் விளங்கும்.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு நெருக்கடிக்கு உள்ளாயிற்று. எனினும் பரதவர் சீர்திருத்தச் சபையைத் தழுவவில்லை. டச்சு ஆதிக்கம் நீடித்த காலத்திலேயே, விஜிலியுஸ் மான்சி அடிகளார் எழுப்பிய புதிய ஆலயம் 1713இல் நேர்ந்தளிக்கப்பட்டது. ஆகவே, அக்காலத்தில் மாதா பக்தி வெறும் வழிபாடாக மட்டுமன்றிச் சமூகத்தைச் சிதறாமல் காத்த பிணைப்பாகவும் விளங்கிற்று எனலாம்.

தேரும் தலைமையும்

1806இல் சாதித் தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ் தங்கத் தேரை அமைத்து ஓடச் செய்தார். அதனால் ‘தேர்மாறன்’ எனப் போற்றப்பட்டார். வடம் பிடித்தல், வீதியுலா ஆகியன தமிழகக் கோயில் விழா மரபை ஒட்டியவை. கோயில் விழாக்களில் முதல் மரியாதை ஊர்த் தலைமையை உணர்த்துவது போன்றே, மாதாவின் தேரும் சாதித் தலைமையின் தகுதியைப் பலரறிய நிலைநாட்டியது. அதே வேளையில், பலர் கூடி வடம் பிடிக்கும் செயல் சமூக ஒருமையையும் வெளிப்படுத்தியது. தலைமையும் ஒருமையும் ஒரே நிகழ்வில் இணைந்தமையே இத்தேரின் சமூகப் பொருளாகும். தங்கத் தேர் ஆண்டுதோறும் இழுக்கப்படுவதில்லை. ஆலயம் இணைப் பேராலயமாக உயர்த்தப்பட்ட 1982, முந்நூறாம் ஆண்டு நிறைவான 2013 முதலிய சிறப்பு ஆண்டுகளிலேயே வீதியுலா வரும்.

முடிவுரை

உரோமை நாட்காட்டி ‘பனி’ என்னும் பெயரைக் கைவிட்ட பின்னரும் தூத்துக்குடியில் அப்பெயர் நிலைத்தது. அங்குப் பெயரின் வலிமை எஸ்குயிலின் குன்றின் பனியைச் சார்ந்திருக்கவில்லை; கடல்தொழில் செய்வோரின் காவலை, டச்சுக் கால நெருக்கடியின் நினைவை, தேரோட்டத்தின் கூட்டுச் செயலைச் சார்ந்திருந்தது. தோற்றக் கதைகளைச் சான்றுகளால் சோதிப்பது வரலாற்றாய்வின் கடமை. அக்கதைகளை ஒரு சமூகம் ஏன் காத்துவந்தது என வினவுவதும் அக்கடமையின் பகுதியே.