ராஜபாளையம் பட்டாளத்து நாயான கதை

2025 டிசம்பர் கடைசியில், வரவிருந்த குடியரசு தின அணிவகுப்பில் எந்தெந்த விலங்குகள் நடக்கும் என்று ராணுவம் அறிவித்தது. லடாக்கின் இரட்டைத் திமில் ஒட்டகம், சன்ஸ்காரி மட்டக்குதிரை என்று நீண்ட அந்த அறிவிப்பில், படையில் சேர்க்கப்பட்டுவரும் நாட்டு நாய்களின் பெயர்களும் இருந்தன: முதோல், ராம்பூர், சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம். ஐந்தில் மூன்று நம் தென்மாவட்டத்து நாய்கள்.

ராஜபாளையம் நாய்க்குப் படைவாசனை புதிதல்ல. மேற்கு மலையடிவாரத்தில் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி என்று வரிசையாகப் பாளையங்கள் இருந்த மண் இது. 1750களில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டைக்காகப் புலித்தேவரும் ஆற்காட்டு நவாபின் ஆட்களும் மோதினார்கள். பாளையத்தின் உயிர்நாடி காவல். இருட்டில் வேற்றாள் காலடி கேட்டால் எழுந்து பாய்கிற நாய்க்கு அங்கே ஓர் ஆள்காவலுக்குரிய மதிப்பு இருந்தது. விஜயநகர காலத்துக்குப் பின் இங்கே குடியேறிய ராஜுக்களும், அக்கம்பக்கத்துப் பாளையக்காரர்களும் வளர்த்ததால் வெள்ளைக்காரர்கள் இதைப் பாளையக்காரர் நாய் என்றே எழுதினார்கள். கும்பினிப் படையின் குதிரை லாயத்துக்குள் இந்த நாய்கள் புகுந்து துவம்சம் செய்ததாக ஒரு செவிவழிக் கதையும் உண்டு.

1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் பாளையக்காரர்களின் ஆயுதத்தைப் பறித்தது. நாய் தோப்புக் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் போனது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டையும் இல்லை. வேலை போன நாய்க்கு மிஞ்சியது அழகும் அந்தஸ்தும்தான். சுண்ணாம்பு அடித்தாற்போன்ற வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இந்த இரண்டுக்காகவே வாங்கினார்கள், இந்த இரண்டுக்காகவே இணை சேர்த்தார்கள். புள்ளியும் பழுப்புமாகப் பிறந்த குட்டிகளைக் கழித்தார்கள்.

கேடு அங்கேதான் தொடங்கியது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை. அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே காதின் ஒலியுணரும் செல்கள் செத்துப்போகும். ஓர் ஈற்றுக் குட்டிகள் தாயோடு ஒட்டித் தூங்கும்போது பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பாருங்கள். மற்றவை திடுக்கிட்டுத் தலை தூக்கும். ஒன்று மட்டும் அசையாமல் தூங்கும். ஆனாலும் பக்கத்துக் குட்டி விழித்த அசைவில் அதுவும் விழித்துவிடுவதால் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டியோ தட்டுச் சோதனையில் தப்பிவிடும். தலையில் மின்முனை பொருத்தி, ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் துடிப்பைப் பதிவு செய்தால்தான் அது தெரியும்.

அரசு இந்த இனத்தை மறந்துவிடவில்லை. கால்நடை பராமரிப்புத் துறை 1980களின் தொடக்கத்திலேயே சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனப்பெருக்க நிலையம் வைத்தது. 2005 ஜனவரியில் அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்ட் 30 வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பெயர் சொல்லிப் பேசினார். அதற்கு முன்பே மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படைப்பிரிவு மையம் கர்நாடகத்து முதோலைப் பழக்கத் தொடங்கியிருந்தது.

ஆனால் நெடுங்காலமாகப் பட்டாளத்தில் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மாலினாய்ஸ் இவற்றின் ராஜ்ஜியம். 2022இல் காஷ்மீரில் குண்டடிபட்டு உயிர்விட்ட ஜூம் என்ற ராணுவ நாய் ஒரு மாலினாய்ஸ். அந்நிய மோகம் மட்டும் இதற்குக் காரணமல்ல. எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குட்டி மோப்பத்தில் தேறியது, எது சத்தத்துக்கு மிரண்டது என்ற தலைமுறைப் பதிவு அந்த இனங்களுக்கு உண்டு. நம்மிடம் நிறத்துக்குத்தான் தலைமுறைக் கணக்கு இருக்கிறது.

ராஜபாளையத்தின் பலமும் சிறிதல்ல. குட்டை மயிர், வெயில் தாங்கும் உடம்பு, நீண்ட ஓட்டம். ஆனால் இது கண்ணால் பார்த்து இரையைத் துரத்துகிற வேட்டைநாய் வழி, தரையில் மூக்கை வைத்துப் போகிற இனமல்ல. ஒரே எஜமானோடு ஒட்டிக்கொள்ளும். பட்டாளத்தில் நாயைக் கையாளும் வீரர் இடமாற்றலாகிப் போனால் புதியவரிடம் அது பழகியாக வேண்டும். அதனால் வெடிகுண்டு மோப்பத்தை இதன் தலையில் கட்டாமல், முகாம் காவலுக்கும் ரோந்துக்கும் பழக்குவதே சரி என்று நினைக்கிறேன். அதற்குத்தானே இது பிறந்தது.

ராத்திரி ரோந்தில் காது கேளாத நாய் வீரனின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ராணுவம் இங்கே குட்டி எடுக்கும்போது செவிச்சோதனைச் சான்று கேட்க வேண்டும். அந்தக் கருவியை ராஜபாளையம் வட்டாரக் கால்நடை மருத்துவமனையிலேயே வைத்துக்கொடுக்க வேண்டும். வெள்ளையில் புள்ளி விழுந்த குட்டியையும் ராஜபாளையம் என்றே பதிவு செய்ய வேண்டும். அப்படி ஒரு குட்டிக்கு ராணுவம் நல்ல விலை கொடுத்து வாங்கினால், அடுத்த ஈற்றில் யாரும் அதைக் கழிக்க மாட்டார்கள்.